மைக்குக்கு அருகில் இருப்பவர்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுக்கு,

நீ அனுப்பிய, போனை மாட்டிப் படம் எடுக்கிற மூன்று கால் ஸ்டாண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் கை வைத்தது உன் அண்ணிதான். இடது கையால் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போல் தலையாட்டினாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்காலம் முழுவதும் மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகியவள் அல்லவா, வழுக்கிக்கொண்டு திரும்புகிற எதுவும் அவளுக்குப் பிடித்துவிடும். நன்றி தங்கச்சி.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீடு சின்னது, நான் உன்னிடம் எதைச் சொன்னாலும் அவள் காதில் விழும். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளைப் பற்றி அவள் எதிரிலேயே எல்லோரும் பேசுகிறோம். குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல அவளால் முடியாது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. வார்த்தைகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, நாக்குதான் ஒத்துழைக்கவில்லை என்கிறார் டாக்டர். முயன்றால் ஏதோ ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவளுக்கே பிடிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டுவிட்டாள். இடது கையால் எழுதிப் பழகக் கொடுத்த சிலேட்டையும் தள்ளிவிட்டாள். அவளுடைய பழைய கையெழுத்து உனக்கு நினைவிருக்கும். கோணல் எழுத்தை யாரும் பார்க்கக் கூடாது, வீட்டுக்கும் யாரும் வரக் கூடாது. நீ வீடியோவில் கூப்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே, அது உன் மேல் கோபம் இல்லை. அதை மட்டும் மனதில் வை.

இனி என் கதை. உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு நாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "சார், வாரத்துல ரெண்டு மணி நேரமாவது நீங்க வெளிய போயிட்டு வாங்க. அவங்களுக்கும் மூச்சு விட இடம் வேணும்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன். நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் குறும்பட வகுப்பு நடக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பெண்தான் பயிற்சியாளர். முடிவில் ஆளுக்கு ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்து, மே மாதம் நூலகத்திலேயே திரையிட வேண்டும். மாணவர்களில் மூத்தவன் நான். பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

யோசனைகள் சில எழுதி வைத்திருக்கிறேன்: நீரின் அருமை, நேரம் தவறாமை, உழைப்பின் உயர்வு, நெகிழிப் பைகளின் தீமை. முதல் யோசனைக்குக் காட்சி காட்சியாகப் படமும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஊரிலேயே பெரிய எடிட்டர் நீ. தயங்காமல் திருத்து. சிவப்பு மையிலேயே திருத்து.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் காட்சிப் படங்களை எடிட்டிங் அறையில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் காட்சியையும் நேர் மேலேயிருந்து வரைந்திருக்கிறீர்கள்! குழாய் ஒரு வட்டம், வாளி ஒரு பெரிய வட்டம், மனிதர் இரண்டு புள்ளி. மூலையில் வடக்கைக் காட்டி ஓர் அம்புக்குறி வேறு. இந்தப் படத்தை எடுக்க நான் மின்விசிறியில் தொங்க வேண்டும். புவியியல் வாத்தியார் ரிட்டையர் ஆனாலும் வரைபடம் ரிட்டையர் ஆகாது போல.

உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். க்ளோசப் என்பது வேறொன்றும் இல்லை, அளவுகோலை மாற்றுவதுதான். நாட்டு வரைபடத்தில் நம் தெரு தெரியாது. தெரு தெரிய வேண்டுமென்றால் நாட்டை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் எங்கள் தொழில் முழுக்க.

"நீரின் அருமை" யோசனை இல்லை அண்ணா, கட்டுரைத் தலைப்பு. யோசனை என்பது ஓர் ஆள், அவருக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் ஏதோ தடுக்கிறது. அவ்வளவுதான். ஒரு பயிற்சி தருகிறேன். ஒரு மணி நேரம் வீட்டில் ஓர் இடத்தில் உட்காருங்கள். கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் எழுதுங்கள். "சோகமாக இருந்தாள்" என்று எழுதக் கூடாது. சோகத்தைக் கேமரா பார்க்காது. தோளைப் பார்க்கும், விரலைப் பார்க்கும்.

இன்னொன்று, எங்கள் தொழிலிலேயே பழைய வித்தை. பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், படத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. உடனே எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். அதில் அவசரப்படக் கூடாது. ஷாட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நன்றி என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஸ்டாண்டுக்கா? இந்த வேலைக்கு வருகிறேன் என்று நான் சொன்ன அன்று அப்பா கத்தியது நினைவிருக்கிறதா? "பொம்பளப் பிள்ளை இருட்டு ரூம்ல உட்கார்ந்து பிலிமை வெட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" நீங்கள் கூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அண்ணிதான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். "மாமா, நானும் இருட்டு ரூம்ல உட்கார்ந்துதான் கிருமியைப் பார்த்துக்கிட்டிருக்கேன். என்னை மட்டும் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிறீங்கல்ல? அதே வாயால இவளையும் சொல்லுங்க, வாய் ஒண்ணும் சுளுக்கிக்காது." அப்பா அதோடு சரி. அந்தக் குரலால்தான் நான் இன்றைக்கும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள்,
வால்


மார்ச் 12

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பத்திக்கும் உதாரணம் சொன்னேன். மூன்றாவது உதாரணத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி நுனி விஷயத்துக்கு மட்டும் திறந்தாள். அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நீ சொன்ன பயிற்சியைச் செய்தேன். செய்ததில் யோசனை கிடைத்துவிட்டது! வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. உன் அண்ணி ஸ்பூனால் எவர்சில்வர் தம்ளரைத் தட்டித்தான் என்னைக் கூப்பிடுகிறாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் வா. படபடவென்று தட்டினால் டிவியை அணை. எங்கள் குடும்பம் இப்போது அந்த ஒரு தம்ளரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கைதான் என் படம். முகம் வேண்டாம், கை மட்டும் போதும்.

போனைச் சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்கும் டீத்தூள் டப்பாவுக்கும் நடுவில் செருகி வைத்து, பல நாட்களாக எடுத்து வருகிறேன். அங்கிருந்து அவள் உட்காரும் இடம் நேராகத் தெரிகிறது. காலை வெயில் தம்ளரின் விளிம்பில் பட்டு ஒரு கோடாக மின்னுவதைப் பார். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் இயல்பு கெட்டுப்போகும், சம்மதிக்கவும் மாட்டாள். எடுத்ததையெல்லாம் சின்ன மெமரி அட்டையில் ஏற்றி இத்துடன் அனுப்புகிறேன். பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அங்கங்கே என் குரலில் விளக்கமும் சேர்த்திருக்கிறேன்.

நீ வெட்டித் தொகுத்துக் கொடுத்தால் மேடையில் உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன். வயதான காலத்தில் இப்படி ஒரு கதவு திறக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. திறந்தது நீ.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

பார்த்தேன். வெயில் கோடு உண்மையிலேயே அழகு. ஆனால் நான் தொகுக்கப் போவதில்லை. ஏன் என்று எழுதுவதற்குள் நிறையக் காகிதம் கிழித்துவிட்டேன்.

அண்ணியிடம் கேட்டீர்களா?

கை மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். பாதியில் நாற்காலி நகர்ந்து முகமும் தெரிகிறது. நோய் வந்த பிறகு அண்ணியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் காட்ட அவர்களுக்கு இஷ்டமில்லை. இப்போது இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் பார்த்துவிட்டேன். சாவித் துவாரத்தில் கண் வைத்த மாதிரி இருந்தது. உடனே திரையை அணைத்துவிட்டேன். அவர்களைப் பற்றி அவர்கள் எதிரில் பேசுவது நியாயமில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிற மனிதர் நீங்கள். இதை மட்டும் எப்படி யோசிக்காமல் விட்டீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருத்தப்படாதீர்கள், இது உங்கள் தங்கை சொல்வதல்ல, எடிட்டர் சொல்வது. ஒரே படத்துண்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஸ்பூன் தம்ளரைத் தொட்டு அடங்குவதற்குள் "இதோ தண்ணி, இதோ தண்ணி" என்று உங்கள் குரல் வந்துவிடுகிறது. ஒரு துண்டில் அண்ணி ஒரு தட்டுத் தட்டி, கையைத் தூக்கி, அடுத்ததற்குப் போகிறார்கள். அதற்குள் நீங்கள் தம்ளரை வாங்கிக்கொண்டு போய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். அவர்கள் அதைத் தொடவே இல்லை. ஜன்னலைப் பார்க்கிறார்கள். மூடியிருந்த ஜன்னல். அதைத் திறக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் துண்டை எடுத்துப் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு.

வாய் மூடியவர்களின் வாக்கியத்தையும் நீங்களே முடித்து வைத்தால் அவர்கள் எதற்குப் பேசுவார்கள் அண்ணா?

அண்ணியிடம் சொல்லுங்கள். அவர்கள் சரி என்றால் இந்த வேலையை நான் உயிரைக் கொடுத்துச் செய்வேன். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுக்கு வேறு யோசனை தேடித் தருவேன். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் என் அண்ணன்தான்.

உங்கள்,
வால்


ஏப்ரல் 14

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் பார்த்தேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். அப்புறம்தான் அவளிடம் சொன்னேன்.

எல்லாவற்றையும் டிவியில் போட்டுக் காட்டினேன். பாதிவரை அசையாமல் பார்த்தாள். தன் முகம் வந்ததும் தம்ளரைக் கையால் ஒரே தள்ளு. அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போய் முனகிக்கொண்டு கிடந்தது. நான் எடுத்துக் கழுவி வைத்தேன். அவள் தொடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் ஒரு தட்டுக்கூட இல்லை. வால், இந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுப்பேன், உன் கடிதம் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன். வேண்டுமென்றால் தட்டட்டும் என்று காத்திருப்பேன். காத்திருப்பது எனக்குச் சுத்தமாக வராது என்று இப்போது தெரிகிறது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஐந்து விநாடியில் நானே பதில் சொல்லிவிடுகிற ஆள் நான்.

பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: "உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு. மன்னிச்சுக்கோ. வகுப்புக்கு இனிமே போகல. எல்லாத்தையும் அழிச்சுடறேன்." அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். எதற்கு இல்லை? மன்னிப்புக்கா, வகுப்புக்கா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. காத்திருந்தேன்.

ஸ்டாண்டைக் காட்டினாள். கொண்டுவந்தேன். தன் நாற்காலிக்கு முன்னால் வைக்கச் சைகை காட்டினாள். போனை மாட்டவும் காட்டினாள். அப்புறம் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழைய மைக்ராஸ்கோப் பார்வையோடு, போனை நேராக என் மூக்குக்குக் குறி வைத்தாள்.

"என்னையா?" என்றேன். ஒரே தலையாட்டல்.

அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற ஒரே நடிகன் நான். காய் நறுக்கினால் கேமரா, துணி மடித்தால் கேமரா. சும்மா இருந்தால் கூச்சமாக இருக்கிறது என்று வாய் ஓயாமல் பேசினேன். எடுத்தது எல்லாம் இந்த அட்டையில் இருக்கிறது. அவள் முன்னிலையில்தான் உறையில் போட்டேன். பால் பொங்குகிற துண்டு ஒன்று இருக்கும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. விளக்கமும் எதுவும் சேர்க்கவில்லை.

டப்பாக்களுக்கு நடுவில் எடுத்ததை என் பக்கம் அழித்துவிட்டேன். உன்னிடம் இருப்பதை என்ன செய்வது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

நீ அன்று திரையை அணைத்தாய் என்பதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உதாரணம்கூடத் தோன்றவில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

அண்ணா, இந்தக் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டாதீர்கள். கையில் கொடுத்துவிடுங்கள். இதுவரை உள்ளதை மட்டும் நீங்கள் படித்தால் போதும்.

அண்ணி, படம் தயார். இது உங்கள் படம்.

நான் பெரிதாக எதுவும் வெட்டவில்லை. வெட்ட நீங்கள் இடம் வைக்கவில்லை. அண்ணன் துணி மடிக்கிறார், பேசுகிறார். காய் நறுக்குகிறார், பேசுகிறார். அப்புறம் அந்தக் காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பி நின்று, கேமராவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்கே பாடம் எடுக்கிறார். "இப்ப பாரு, கை ஆடக் கூடாது. எப்படின்னா, உதாரணத்துக்கு, கப்பல்ல நிக்கிறோம்னு வச்சுக்க..." நீங்கள் அவரை விட்டுவிட்டுக் கேமராவோடு மெதுவாகப் பால் பாத்திரத்துக்குத் திரும்புகிறீர்கள். நுரை விளிம்பில் நிற்கிறது. திரும்ப அவரிடம் வருகிறீர்கள். கப்பல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பப் பாலுக்குப் போகிறீர்கள். பார்க்கிறவருக்குத் தெரியும், படத்தில் இருப்பவருக்குத் தெரியாது! நாற்காலி நுனியில் உட்கார்ந்து நானே "அண்ணா, பால்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

உங்களால் தட்டிக் கூப்பிட்டிருக்க முடியும். ஆனால் இருக்கிற ஒரு கை கேமராவில். கையை எடுத்தால் ஷாட் போய்விடும். நீங்கள் கையை எடுக்கவில்லை அண்ணி. அதற்குப் பதிலாகக் குரல் கொடுத்தீர்கள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் மைக், பிடித்திருப்பவர் பக்கத்தில் இருக்கும். படத்தில் தெரிகிறவர் தூரத்தில் பேசுவார். படத்தில் தெரியாதவரின் மூச்சுகூடக் காதோரமாகக் கேட்கும். அண்ணன் அவ்வளவு பேசியும் அந்தக் கோடியில் எங்கேயோ இருக்கிறார். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். முதலில் அந்தக் குரல், வார்த்தை இல்லாமல். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. அண்ணன் திரும்புகிறார், கரண்டியால் பாத்திரத்தைத் தள்ளப் பார்க்கிறார், வாயடைத்துப் போய் உங்களைப் பார்க்கிறார். அப்போது ஒரு சிரிப்பு வருகிறது. உடைந்து உடைந்து, மூச்சு வாங்கி வாங்கி, நிற்காமல். அண்ணனும் அப்போதுதான் பேச்சை நிறுத்துகிறார். நான் இதோடு படத்தை முடித்திருக்கிறேன்.

அந்தச் சத்தத்தை நீங்கள் யாருக்கும் கேட்கக் கொடுத்ததில்லை என்று எனக்குத் தெரியும். என்னால் எடுத்துவிட முடியும். பால் சீறுகிற சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. படம் அப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். எப்படிச் சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம். ஒரு தட்டு என்றால் இருக்கட்டும், இரண்டு தட்டு என்றால் எடுத்துவிடு என்று அண்ணன் மூலம் தெரிவித்தால்கூடப் போதும். அவர் இப்போது எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கிறாராம்.

திரையிடல் மே பதினெட்டு. உங்களைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கூப்பிடுகிறேன்.

உங்கள்,
வால்


மே 9

வாலு,

இடது கை. கோணல்தான். பொறுத்துக்கொள். காலையில் ஆரம்பித்தேன், வெயில் இறங்கிவிட்டது.

உன் கடிதத்தை உங்க அண்ணன் என் கையில்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றார். போ என்றேன். சைகை இல்லை, வாயால். அரைகுறையாகத்தான் வந்தது. ஆனால் போய்விட்டார்.

சத்தத்தை எடுக்காதே. நானும் கேட்டேன், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பலமுறை. முதலில் யாரோ மாதிரி இருந்தது. அப்புறம் நான் மாதிரி இருந்தது.

அந்தக் கடைசி ஷாட் இன்னும் கொஞ்சம் நீளட்டும். அவர் வாயடைத்து நிற்பதை நான் கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்ததில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டதாகச் சொல்வார். நம்பாதே.

டப்பா நடுவில் எடுத்ததையெல்லாம் அழித்துவிடு. ஜன்னலைப் பார்க்கிற துண்டை மட்டும் நீ வைத்துக்கொள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஒளிப்பதிவு என்று போடும் இடத்தில் என் பெயர் வர வேண்டும். நடிப்பு, அவர். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

உன் அப்பாவிடம் அன்று அவ்வளவா பேசினேன்? மறந்தே போயிருந்தது. நீ எழுதியதைக் கேட்டுத்தான் நினைவு வந்தது.

திரையிடலுக்கு வருகிறேன். கடைசி வரிசையில் இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன், உனக்கும் சேர்த்து. வா. முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கும். டப்பா இல்லாமல் நேராகப் பார்.

நன்றி என்று எழுத நினைத்தேன். கை வலிக்கிறது. நேரில் சொல்கிறேன்.

அண்ணி